நெஞ்சைத் தட்டுகிற பெட்டி

1. வேனில் வந்தவர்

ராக்காயி அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் செத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் இருதய ஆஸ்பத்திரியில் நான் ஈசிஜி டெக்னீஷியன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், அப்பா நெசவாளி. பெண் பிள்ளை ஆஸ்பத்திரி வேலைக்குப் போவதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் பெருமை. எனக்கு வாய் அதிகம், பொறுமை குறைவு. ஆனால் ஈசிஜி பேப்பரைக் கையில் எடுத்தால் வாயை மூடிக்கொள்வேன்.

அன்றைக்குக் காலை, தக்காளிக் கூடை ஏற்றுகிற வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பெயர் தங்கபாண்டி, மின்வாரியத்தில் லைன்மேன். திருமங்கலத்துக்குத் தெற்கே அவர்கள் ஊர். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மகனுக்கு அரசாங்க வேலை.

"காலையில இருந்து இப்புடித்தேன் மேடம். பேசிக்கிட்டே இருக்கு, பொசுக்குன்னு போயிருது. செத்த நேரத்துல திரும்ப வந்து பேசுது" என்றார் தங்கபாண்டி.

கட்டிலில் படுக்க வைத்து, கை காலில் கிளிப்பை மாட்டினேன். ராக்காயி அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு, கூர்மையான கண்.

"என்னத்தா இது, மாட்டுக்கு லாடம் கட்டுற மாதிரி நாலு காலையும் புடிச்சுக் கட்டுற? நான் என்ன எந்திரிச்சா ஓடப் போ..."

அவ்வளவுதான். கண் மேலே செருகியது. மிஷினிலிருந்து வந்த பேப்பரில் கோடு நேராக ஓடியது. நான் டாக்டரைக் கூப்பிடக் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் பேப்பரில் ஒரு துடிப்பு வந்தது, பிறகு இன்னொன்று. அவர் கண்ணைத் திறந்தார்.

"...போறேன்?" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. போன ஆளுக்குத் தான் போனதே தெரியவில்லை.

பேப்பரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக். இருதயத்தின் மேல் அறை ஒழுங்காகத் துடித்து உத்தரவு அனுப்புகிறது, அந்த உத்தரவு கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை. கீழ் அறை தன் இஷ்டத்துக்கு எப்போதாவது ஒரு தடவை துடிக்கிறது. அதுவும் மறந்துவிட்டால் ஆள் மயக்கம்.

தங்கபாண்டிக்கு இதைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"அப்ப டிரான்ஸ்பார்மர் நல்லாருக்கு. நடுவுல லைன் கட்டு. அதான மேடம்?"

அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு ஹார்ட் பிளாக்கை விளக்கியிருக்கிறேன். எல்லோருக்கும் தங்கபாண்டி சொன்ன மாதிரிதான் சொன்னேன்.

2. மினுக்குகிற விளக்கு

எங்கள் பெரிய டாக்டர் சென்னையில் படித்துவிட்டு வந்தவர். அதிகம் பேச மாட்டார், கை பேசும். ராக்காயி அம்மாவை உடனே கேத் லேபுக்கு எடுத்துப் போகச் சொன்னார். தொடை மடிப்பில் ஊசி போட்டு, அங்கிருக்கும் ரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய ஒயரை இருதயத்துக்குள் அனுப்புவார்கள். எக்ஸ்ரே திரையில் அந்த ஒயர் நெளிந்து நெளிந்து மேலே போவது தெரியும். வெளியே இருக்கும் முனையை ஒரு சின்னப் பெட்டியில் மாட்டுவார்கள். அதுதான் டெம்பரரி பேஸ்மேக்கர். கைக்கு அடக்கமான பெட்டி, இரண்டு மூன்று திருகு, ஒரு சிவப்பு விளக்கு. அது இருதயத்துக்கு விட்டு விட்டுச் சின்னதாக ஒரு மின்சாரத் துடிப்பு கொடுக்கும்.

நான் மானிட்டர் பக்கம் நின்றேன். திரையில் துடிப்பு வருகிறது, வெகு நேரம் ஒன்றும் இல்லை, பிறகு ஒன்று. எங்கள் வீட்டில் அப்பாவின் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். சத்தம் விட்டு விட்டு வந்தால் எங்கோ இழை அறுந்திருக்கிறது என்று தூக்கத்தில்கூடத் தெரிந்துவிடும். அதே பதைப்பு எனக்கு அந்தத் திரையைப் பார்க்கும்போது.

டாக்டர் பெட்டியைப் போட்டார். திரையில் ஊசி நட்டது போல ஒரு கோடு வந்தது. அதற்கு ஸ்பைக் என்று பெயர். பெட்டி அனுப்பும் மின்சாரம் அது. ஸ்பைக்கின் பின்னாலேயே அகலமாக ஒரு துடிப்பு. அடுத்த ஸ்பைக், அடுத்த துடிப்பு. பெட்டி சொல்கிறது, இருதயம் கேட்கிறது. இதைத்தான் கேப்சர் என்போம்.

"கேப்சர் ஆகுது சார்!" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, சிஸ்டர் முறைத்தார்.

ராக்காயி அம்மாவின் சாம்பல் பூத்த உதட்டில் நிறம் ஏறியது. விரல் நகத்தில் ஏறியது. கண் தெளிந்தது. ஒரு சின்னப் பெட்டி, உள்ளே கடையில் வாங்குகிற பேட்டரி, அதற்கு ஒரு மனுஷியைத் திருப்பிக் கொண்டுவரத் தெரிந்திருக்கிறது. அந்த வேலையில் அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பார்த்தேன். அன்றைக்கு நான் திறந்த வாயை மூடவில்லை என்பதுதான் உண்மை.

ஐசியூவில் பெட்டியைக் கட்டில் கம்பியில் கட்டிவைத்தோம். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏந்தாயி, இதுல மினுக்கு மினுக்குங்குது, இது என்ன?"

"உங்க நெஞ்சு துடிக்கிறதுக்குத்தாம்மா."

"எம் நெஞ்சு எனக்கு வெளிய இருக்காக்கும்" என்றார். சிரிக்கவில்லை. தன் இடது கை மணிக்கட்டில் வலது கையின் மூன்று விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் போனதும் என் கையையும் பிடித்து அதே மாதிரி பார்த்தார்.

"நீ நல்லாருக்க. கொஞ்சம் பதறுற, அம்புட்டுத்தேன்."

3. "வேணாம்"

டெம்பரரி பெட்டியைப் பல நாள் வைத்திருக்க முடியாது. ஒயர் நழுவும், உள்ளே கிருமி போகும். சீக்கிரமே நிரந்தரப் பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும். தீப்பெட்டி அளவு இருக்கும், காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். அப்போது மதுரையில் அது புதுசு. நாங்கள் எல்லோரும் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம்.

அன்று சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரும் பெருமையாகத்தான் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. இதை உள்ள வச்சுட்டா உங்க நெஞ்சு நிக்கவே நிக்காது."

சிஸ்டர் தன் பங்குக்கு, "எமனே வந்தாலும் திரும்பிப் போயிருவான் பாட்டி" என்றார்.

தங்கபாண்டி அம்மாவின் தலையைத் தடவி, "கேட்டியாம்மா, உனக்கு இனிமே சாவே கெடையாதாம்" என்றார்.

ராக்காயி அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அசதி என்று நினைத்தோம்.

மறுநாள் காலை, "எனக்கு வேணாம். இந்த ஒயரையும் உருவி விடுங்க, வீட்டுக்குப் போறேன்" என்றார்.

மகன் கெஞ்சினார். கத்திக்குப் பயமா என்று கேட்டார். "கத்திக்கு எவன் பயந்தான்? ஏழு புள்ள பெத்தவ நானு." கரண்டுக்குப் பயமா என்று கேட்டார். "நீ போஸ்ட் மரத்துல ஏறயில நான் பயந்ததுக்கு மேலயா?" ஏன் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. டாக்டர் இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கோபமாகப் போய்விட்டார். ஒயரை உருவினால் அந்த அம்மா திருமங்கலம் போய்ச் சேர மாட்டார் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் கோபம்.

தங்கபாண்டி வராந்தாவில் என்னிடம் அழுதார். "லைன் கட்டானா மழையில கூட ஏறி மாட்டிட்டு எறங்குவேன் அக்கா. இதுக்கு நான் எங்குட்டு ஏற?" மேடம் என்றவர் அன்றிலிருந்து அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். என்னைவிட மூத்தவர்தான், இருக்கட்டும்.

அன்று மதியம் ராக்காயி அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒயர் வழியாகக் கிருமி போக ஆரம்பித்திருக்கலாம் என்று மருந்து ஏற்றினார்கள். இனி தள்ளிப்போட நாள் இல்லை.

4. ஊரில் அவர் பார்த்த வேலை

நான் ஈசிஜி எடுக்கப் போனேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"ஏம்மா, ஒங்க மகன் அங்க அழுதுக்கிட்டு இருக்காரு. உங்களுக்கு என்னதான் பயம்?"

விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவர் ஊரில் யாருக்காவது உயிர் போகிற நேரம் வந்தால் ராக்காயி அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய்க் கையைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். நாடி நின்றதும், "போயிருச்சு" என்பார். அவர் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அழுகை எழும்பும், அதற்கு முன்னால் யாரும் வாய்விட்டு அழக்கூடாது. மாமியார், மச்சினன், தோழிகள் என்று பல பேர் அவர் கைக்குள்தான் போயிருக்கிறார்கள்.

"எம் புருசன் மட்டும் சீக்கிரம் போகல தாயி. கையி காலு வராமக் கெடந்தாரு. பேச்சு இல்ல, முழிச்சா ஆளத் தெரியல. ஊரே வந்து வாயில பால ஊத்திட்டுப் போச்சு. அவரு போகல. மழ முடிஞ்சு வெள்ளாம வந்து, அறுப்பும் முடிஞ்சு போச்சு. முதுகெல்லாம் புண்ணு. நாந்தேன் தெனம் கையப் புடிச்சுப் பாப்பேன். நாடி ஓடும். ஓடிக்கிட்டே இருக்கும். இன்னும் நிக்கலயேன்னு அந்த நாடிய நான் வஞ்சுருக்கேன் தாயி. புருசன் நாடிய பொண்டாட்டி வையலாமா? வஞ்சேன்."

என் கையில் இருந்த கிளிப்பை எங்கே மாட்டுவது என்று எனக்கு மறந்துபோயிற்று.

"இப்ப எனக்கு நெஞ்சு நிக்கவே நிக்காதுங்குறீக. சாவே கெடையாதுங்குறீக. நான் ஒடம்பு அழுகிக் கெடந்தாலும் இந்தப் பொட்டி விடாமத் துடிக்கும்ல? எம் பிள்ளைக எம்புட்டு நாளைக்குப் பாக்கும்? அப்புடியே நான் போனாலும் எவ கையப் புடிச்சுச் சொல்லுவா? நாடி ஓடுதேன்னு வச்சுருப்பாக. இல்லாட்டித் துடிக்கத் துடிக்கக் கொண்டுபோய் எரிப்பாக. சொல்லு. அதுக்கு இப்பயே போறது மேலு."

பேஸ்மேக்கர் வைத்த சில பேருக்கு ஈசிஜி எடுத்தவள்தான் நான். வைத்த ஆள் இறக்கும்போது அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

5. அவர் நாடி, அவர் விரல்

நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேஜையைப் பார்த்தார்.

"நம்ம எல்லாரும் நல்லது சொல்றோம்னு நெனச்சு அந்தம்மாவைப் பயமுறுத்தியிருக்கோம், சுசீலா."

"சார், நெசமாவே ஆள் போனப்புறமும் அது துடிக்குமா?"

"பெட்டி கரண்ட் அனுப்பும். அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஆனா துடிக்கிறது பெட்டி இல்ல, சதை. சதை செத்துட்டா கரண்ட் போனாலும் அசையாது." சொல்லிவிட்டு எழுந்தார். "இன்னிக்கு த்ரெஷோல்ட் பாத்தாச்சா?"

த்ரெஷோல்ட் என்பது டெம்பரரி பெட்டிக்குத் தினமும் செய்கிற சோதனை. பெட்டியின் மின்சாரத்தைத் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். ஒரு அளவுக்குக் கீழே போனால் ஸ்பைக் வரும், துடிப்பு வராது. அந்த அளவைப் பார்த்துக்கொண்டு உடனே திருகை மேலே ஏற்றிவிடுவோம். எங்களுக்கு அது பல் விளக்குகிற மாதிரி ஒரு வேலை. அதற்குள் ராக்காயி அம்மாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரவுண்ட்ஸில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தங்கபாண்டியையும் உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, நீங்க நாடி பாப்பீங்களாமே. உங்க நாடியை நீங்களே பிடிச்சுக்கங்க. கண்ணு இந்த விளக்குல இருக்கட்டும். தலை சுத்துற மாதிரி இருந்தா ஒரு சத்தம் குடுங்க, போதும்."

ராக்காயி அம்மா சந்தேகமாகப் பார்த்தார். பிறகு மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தார். அந்த நிமிஷம் அவர் முகமே மாறிவிட்டது. நோயாளி முகம் போய், வேலை பார்க்கிற ஆளின் முகம் வந்தது.

"ஓடுதா?"

"ஓடுது. இது மினுக்குனா அதுவும் அடிக்குது."

டாக்டர் திருகைக் குறைத்தார். நான் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஸ்பைக், துடிப்பு. ஸ்பைக், துடிப்பு. ஸ்பைக். ஸ்பைக். ஸ்பைக்.

விளக்கு எப்போதும்போல மினுக்கியது. ராக்காயி அம்மாவின் புருவம் சுருங்கியது. விரலை எடுத்து மறுபடி அழுத்தி வைத்தார்.

"நின்னுருச்சு" என்றார். குரல் பஞ்சாக இருந்தது.

டாக்டர் திருகை ஏற்றினார். நாடி வந்தது. அவர் மூச்சை இழுத்து விட்டார். தங்கபாண்டி கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

ஒரு மனுஷி தன் நாடி நிற்பதைத் தன் விரலாலேயே தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தும் நாடி நின்றது. கோயிலில் நடை திறக்கும்போது நிற்பதுபோல நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

அவர்தான் முதலில் பேசினார்.

"அப்ப இது துடிக்கிற ஆளு இல்ல. கதவத் தட்டுற ஆளு."

டாக்டர் தலையை ஆட்டினார்.

"உள்ள ஆளு இருந்தாத் தொறக்கும். இல்லாட்டி இது பாட்டுக்குத் தட்டிக்கிட்டே கெடக்கும். அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தாம்மா" என்றார் டாக்டர். அவர் பேச்சில் எங்கள் ஊர்த் தமிழ் வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"மொதல்லயே இத சொல்லியிருந்தா நான் ஏன் வேணாங்கப் போறேன்? வையிங்க."

காய்ச்சல் இறங்கியதும் வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுக் கீறித் தைக்கிற நேரம் முழுக்க அவர் பேசிக்கொண்டே இருந்தார். நடவு வயலில் யார் யார் சோம்பேறி என்று கேத் லேபில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

6. காட்டிக் கொடுத்த மிஷின்

வருஷா வருஷம் செக்கப்புக்கு வருவார். அந்தக் காலத்துச் சோதனை எளிது. வட்டமான காந்தம் ஒன்றை நெஞ்சின் மேல் வைப்போம். உடனே பேஸ்மேக்கர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். அந்த வேகத்தைப் பார்த்து பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

"காந்தத்த வச்சா ஓடுறேன், எடுத்தா நடக்குறேன். எம் புருசன் சொல்லுக்குக்கூட நான் இப்புடி ஆடுனது இல்ல" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பேட்டரி தீர்ந்து பெட்டியை மாற்றினோம். புதுப் பெட்டி இன்னும் சின்னது. இது நடந்தால் தெரிந்துகொள்ளும், அதற்கு ஏற்ப வேகத்தைக் கூட்டும். உட்கார்ந்தால் குறைத்துவிடும். பழையது எப்போதும் ஒரே வேகம், அதனால் வரப்பில் நடந்தால் மூச்சு வாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது காந்தத்தோடு புரோகிராமர் என்று ஒரு மிஷினும் வந்தது. லேப்டாப் மாதிரி இருக்கும். அதன் ஒயர் முனையை நெஞ்சின் மேல் சும்மா வைத்தால் போதும். உள்ளே இருக்கும் பெட்டி, போன செக்கப்பிலிருந்து இன்றுவரை நடந்ததைப் படமாகப் போட்டுக் காட்டும். தோலுக்கு உள்ளேயிருந்து ஒரு பொருள் வெளியே இருப்பவரோடு பேசுகிறது. முதல் தடவை பார்த்தபோது அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவே இல்லை. சௌராஷ்டிரத்தில் அவர் சொன்னதற்கு அர்த்தம், உனக்கு ஆஸ்பத்திரியில் தூக்கம் போதவில்லை என்பது.

மாற்றிய பிறகு வந்த முதல் செக்கப்பில் நான் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

"என்ன அக்கா?" என்றார் தங்கபாண்டி.

"உங்கம்மா வீட்ல சும்மாதான இருக்காங்க?"

"ஆமாக்கா. வயப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்."

"வீட்ல உக்காந்திருக்கிற ஆளுக்கு இம்புட்டு வேகம் தேவைப்படாதே."

தங்கபாண்டி மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். ராக்காயி அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"நாலு கட்டு நாத்து நட்டேன். அதுக்குப் போய் எழுதி வைக்குமா ஒரு பொட்டி? கட்டுன புருசன்கூட என்னையக் காட்டிக் குடுத்தது இல்ல" என்றார். அந்த அறையில் நாங்கள் அன்றைக்குச் சிரித்த மாதிரி பிறகு சிரித்ததில்லை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். வழக்கம்போல நாடியில் விரல் இருந்தது.

"தாயி, நான் போனா எங்க ஊருக்காரிக கொழம்புவாளுக. இவளுக்குள்ள கரண்டு ஓடுதே, போயிருப்பாளான்னு சண்ட போடுவாளுக. நீ வந்து பாத்துச் சொல்லணும். நீ சொல்லாம என்னையத் தூக்கக் கூடாதுன்னு இவன்ட்டச் சொல்லி வச்சுருக்கேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"வாரேன்னு சொல்லு."

"வாரேன்மா."

7. எழுபது

சில வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாதம் மத்தியான நேரம். என் செல்போனில் தங்கபாண்டி.

"அக்கா. அம்மா கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துச்சு. எழுப்புனா எந்திரிக்கல. மூச்சு இல்ல. ஆனா இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. நீங்க வாங்க."

சிதையில் பேஸ்மேக்கர் இருந்தால் பேட்டரி வெடிக்கும், அதனால் எடுத்துவிட்டுத்தான் எரிக்க வேண்டும். எப்படியும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் அங்கே போக வேண்டியதுதான். பெரிய டாக்டர், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு இளம் டாக்டரை என்னோடு அனுப்பினார். கையடக்க மானிட்டர் ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். வழி முழுக்க வெயில் தார் ரோட்டில் தளதளத்தது.

வீட்டுக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. அந்த அமைதி எனக்குப் புரிந்தது. அவர் ஊரில் சொல் வந்த பிறகுதான் அழுகை. அந்தச் சொல்லைச் சொல்கிற ஆள்தான் பாயில் படுத்திருந்தார்.

இளம் டாக்டர் மானிட்டரை மாட்டினார். திரையைப் பார்த்தவர் திடுக்கிட்டு, "மேடம், ரேட் எழுபது காட்டுது" என்றார்.

எழுபது என்ற சொல் கூட்டத்துக்குள் போனது. "ஓடுதாம்! உசுரு இருக்கு!" என்று ஒரு பெண் எழுந்தே விட்டார். தங்கபாண்டி என் முகத்தைப் பார்த்தார். அம்மா திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசிவிடுவார் என்று அவர் முகத்தில் ஒரு ஆசை. எனக்கும் அந்த ஆசை இருந்தது, மறைப்பானேன்.

நான் திரையைப் பார்த்தேன். ஸ்பைக். ஸ்பைக். ஸ்பைக். ஒன்றின் பின்னாலும் துடிப்பு இல்லை, நேர்க்கோடு. மானிட்டருக்கு ஸ்பைக்குக்கும் துடிப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பெட்டி தட்டுவதை எண்ணி எழுபது என்று போட்டிருந்தது.

டாக்டர் தன்னைச் சுதாரித்துக்கொண்டு ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். சட்டப்படி அது போதும். ஆனால் அந்த அறையில் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாய் ஓரமாக உட்கார்ந்தேன். ராக்காயி அம்மாவின் கையை எடுத்து, அவர் வைக்கிற மாதிரியே மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தேன். அவசரப்படவில்லை. அந்தக் கை குளிர்ந்திருந்தது, விரல் ஓரத்தில் நடவுக் காய்ப்பு இருந்தது. முதுகில் ஒரு புண் இல்லை, யாரும் பால் ஊற்றிவிட்டுக் காத்திருக்கவில்லை. கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர். அவர் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

"தட்டுதா அக்கா?" என்று தங்கபாண்டி மெதுவாகக் கேட்டார்.

"தட்டுது தங்கபாண்டி. உள்ள யாரும் இல்ல."

பிறகு கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அவர் சொல்லை நான் சொன்னேன்.

"போயிருச்சு."

அழுகை எழும்பியது.

இதைப் படிக்கிற இளைய டெக்னீஷியன்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கையில் இன்று இருக்கும் மிஷின்கள் நான் கனவிலும் காணாதவை. வீட்டில் இருக்கிற முதியவரின் துடிப்பை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தே பார்க்கிறீர்கள். எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை, உங்களுக்கும் அடங்க வேண்டாம். ஆனால் திரையில் எண் வந்தால், அதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் கையைப் பிடித்துப் பாருங்கள். வயதானவர்களிடம் ஒரு மிஷினைப் பற்றிச் சொல்லும்போது அது என்ன செய்யும் என்பதோடு, என்ன செய்யாது என்பதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

அன்று சாயங்காலம் டாக்டர் எடுத்துக் கொடுத்த அந்தப் பெட்டியை ஒரு துணியில் சுற்றி, மதுரை வரைக்கும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அது தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். என் கைக்கு எதுவும் தெரியவில்லை.